கூடாரமும் குடியிருப்பும்

அமெரிக்க நாட்டின் மேற்குக் கரை மாநிலமொன்றில் பொறியாளராகப் பணிபுரியும் நம் பங்கு இளைஞர் ஒருவர் அண்மையில் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருந்தார். மனைவியும் இரு பிள்ளைகளுமாக அந்நாட்டுத் தேசிய வனம் ஒன்றில், ஆற்றங்கரையில், கூடாரம் அடித்து நான்கு நாள் தங்கினார்களாம். மின்சாரம் இல்லை, குழாய்நீர் இல்லை, கழிப்பறை இல்லை, கைப்பேசிக்குத் தொடர்பும் இல்லை. "சுவாமி, எந்தத் தியான இல்லத்திலும் கிடைக்காத ஏழ்மையின் இன்பத்தை அங்கே கண்டோம். திருக்குடும்பம் எகிப்துக்குப் போன வழியில் இப்படித்தான் தங்கியிருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன்" என்று எழுதி, இதைப்பற்றி நம் இதழில் ஒரு கட்டுரை வரைய வேண்டும் என்றும் கேட்டிருந்தார்.

வரைகிறோம். ஆனால் அவர் எதிர்பார்த்த கட்டுரை இதுவன்று.

அந்த நான்கு நாள்களை நாம் குறைகூறவில்லை. தொலைக்காட்சியையும் கணினியையும் விட்டு ஒரு குடும்பம் ஆற்றின் ஓசையைக் கேட்டு உறங்கியது நன்று. பிள்ளைகள் விண்மீன்களைக் கண்டது அதனினும் நன்று. நாம் மறுப்பது ஒரேயொரு சொல்லைத்தான். அது 'ஏழ்மை' என்னும் சொல். அச்சொல்லை அவர் எங்கிருந்தோ எடுத்து அந்தக் கூடாரத்தின்மேல் போர்த்தியிருக்கிறார். அது யாருடைய போர்வை என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்நாட்டின் ஏற்பாட்டை அறியாத வாசகர்க்குச் சிறிது சொல்ல வேண்டும். காடுகளை ஒதுக்கிக் காக்கும் அதிகாரத்தை 1891ஆம் ஆண்டின் சட்டம் அந்நாட்டு அதிபருக்கு வழங்கியது. 1905இல் அக்காடுகள் வேளாண் துறையின்கீழ் வந்து, கிஃப்போர்டு பின்ஷோ என்பவரின் தலைமையில் வனப்பணித் துறை உருவாயிற்று. இன்று 154 தேசிய வனங்கள் உள்ளன; புல்வெளிகளையும் சேர்த்து அத்துறையின் பொறுப்பில் இருப்பது ஏறத்தாழ 19 கோடியே 30 லட்சம் ஏக்கர். அனைத்தும் மக்களின் பொதுச் சொத்து. இவ்வனங்களில் தங்குவது இருவகைப்படும். மேசையும் கழிப்பறையும் அமைத்துக் கட்டணம் வாங்கும் முகாம்கள் ஒருவகை. யாதொரு வசதியுமின்றி, பெரும்பாலும் கட்டணமுமின்றி, மரத்தடியிலோ ஆற்றோரத்திலோ தங்குவது மற்றொரு வகை. இதனை அங்கே 'பிரிமிட்டிவ் கேம்பிங்' என்பர். ஆதிமனிதர் முறையிலான தங்கல் என்று சொல்லலாம்.

ஆதிமனிதர் முறைக்கும் விதிகள் உண்டு. பல வனங்களில் நீர்விளிம்பிலிருந்து 100 அடியோ 200 அடியோ தள்ளித்தான் கூடாரம் அடிக்க வேண்டும். காலைக்கடனுக்கு நீர்நிலையிலிருந்து 200 அடி தொலைவில், ஆறு முதல் எட்டு அங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும். அடுப்பை அணைக்கையில் சாம்பலில் நீரூற்றிக் கிளறி, கைவைத்துச் சூடில்லை என்று அறிந்த பின்னரே அகல வேண்டும். கரடிக்கு எட்டாதவாறு உணவைப் பாதுகாக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் 14 நாள்களுக்குமேல் தங்கலாகாது. இவை நல்ல விதிகளே. ஆற்றோர மண் மிதிபட்டால் புல் முளைக்கப் பல்லாண்டு ஆகும். ஒரு தீப்பொறியில் ஒரு மலையே எரியும். இவ்விதிகளை எடுத்துவிட வேண்டும் என்று நாம் எழுதவில்லை. அவ்வாறு யாரேனும் பொருள் கொண்டால் அது நம் கருத்தன்று.

நாமும் அப்படித் தங்கியவர்தாம். சில ஆண்டுகளுக்கு முன், விடுப்பில் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்கு மாற்றாக அந்நாட்டில் ஆறு வாரம் பணியாற்றினோம். கோடையின் தொடக்கம். பங்கிலுள்ள குடும்பம் ஒன்று நம்மை இரண்டு இரவுகளுக்குக் காட்டிற்கு அழைத்துச் சென்றது. ஐம்பதைக் கடந்த உடம்புக்குத் தரையில் படுப்பது எளிதன்று. உறைபைக்குள் புகுந்து இழுவிசையைக் கழுத்துவரை ஏற்றிக்கொண்டபின் வெளியே வரத் தெரியாமல் சற்று நேரம் கிடந்ததையும் ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் அந்த இரவு மறக்கத் தக்கதன்று. உயர்ந்த டக்ளஸ் மரங்களுக்கிடையே ஒரு கீற்று வானம்; அதில் நம் ஊரில் இப்போது காண முடியாத அளவு விண்மீன்கள்; பாறைகளில் மோதி ஓடும் நீரின் இடையறாத ஓசை. மறுநாட்காலை ஒரு பாறையின்மேல் துணி விரித்துத் திருப்பலி நிறைவேற்றினோம்.

திருப்பலியின்போது, கீழாற்றுப் பக்கமிருந்து ஓர் அம்மையார் நாயொன்றுடன் வந்து, சற்றுத் தொலைவில் மரத்தடியில் நின்றார். வயது அறுபதுக்கு மேலிருக்கும். நூறு தப்படித் தொலைவில் பழைய வண்டி ஒன்றும், அதன்மேல் இழுத்துக் கட்டிய நீலத் தார்ப்பாயும் இருந்ததை முந்தின மாலையே கண்டிருந்தோம். அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு வீட்டார் சொல்லியிருந்தனர். நற்கருணைக்கு அவர் வரவில்லை. இறுதி ஆசீர் முடிந்ததும் போய்விட்டார். காப்பி அருந்தியபின் சென்று பேசலாம் என்று எண்ணினோம்.

அதற்குள் வனத்துறை அலுவலர் ஒருவர் வந்தார். நம்மிடம் நலம் விசாரித்தார். தீ பற்றிய துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்தார். வானிலை நன்றாயிருக்கும் என்றார். பிறகு தார்ப்பாய்ப் பக்கம் சென்றார். அங்கும் அவர் குரலை உயர்த்தவில்லை. 14 நாள் கடந்துவிட்டது, மாலைக்குள் புறப்பட வேண்டும் என்பதே அவர் சொன்னது. தம் கடமையைச் செய்த அம்மனிதரை நாம் குறைகூற மாட்டோம். பிற்பகலில் அம்மையார் பாதி மூட்டை விறகைக் கொண்டுவந்து நம் அடுப்பருகே வைத்தார். வண்டியில் இடமில்லை என்றும், தாம் போகும் இடத்தில் நெருப்பு மூட்ட முடியாது என்றும் சொன்னார். எங்கே என்று கேட்டோம். நெடுஞ்சாலையோரத்துப் பேரங்காடி ஒன்றின் வாகன நிறுத்துமிடம் என்றார். நன்றி கூறி, ஆசீர் அளித்தோம். அன்றிரவு அவ்விறகில் சோளம் சுட்டு உண்டோம்.

ஒரே ஆறு, ஒரே கரை, ஒரேவகைத் துணிக்கூரை. நூறு தப்படிக்கு இப்பால் இருந்தது ஓய்வு. அப்பால் இருந்தது குற்றம். அந்நாட்டுச் சட்டநூல் இதனை மறைக்கவுமில்லை. தேசிய வனத்தில் கூடாரமடித்தல் என்பது தற்காலிகமாக இரவு தங்குவது என்று அது வரையறுக்கிறது. அனுமதியின்றி அங்கே குடியிருப்பதைத் தடை செய்கிறது. ஆகவே வேறொரு வீடு உள்ளவன் அங்கே உறங்கினால் தங்கல். வேறு வீடு இல்லாதவன் உறங்கினால் அது குடியிருப்பாகிவிடக் கூடும். நம் பொறியாளர் நான்கு நாள் துய்த்ததற்கு ஏழ்மை என்று பெயரிட்டாரே, அதைத் துய்க்க முதலில் வேண்டுவது வீட்டுச் சாவி. கூடாரமும் உறைபையும் நீர்வடிகட்டியும் வாங்கப் பணமும், அவற்றைச் சுமந்து செல்ல நல்லதொரு வண்டியும், விடுப்புக்குச் சம்பளம் தரும் வேலையும் அதன்பின் வேண்டுவன.

நாம் கண்டது ஒரு சிறு நிகழ்ச்சி. அதன் பெரிய வடிவத்தை அந்நாடே 2024ஆம் ஆண்டு கண்டது. ஆரிகன் மாநிலத்தில் ரோக் என்றோர் ஆறு உண்டு. கிரேட்டர் ஏரித் தேசியப் பூங்காவில் ஊற்றெடுத்து, ஏறத்தாழ 215 மைல் ஓடிப் பசிபிக் கடலில் கலக்கிறது. காட்டாறுகளையும் எழில்மிகு ஆறுகளையும் காக்க, அதிபர் லிண்டன் ஜான்சன் 1968 அக்டோபர் 2ஆம் நாள் கையொப்பமிட்ட சட்டத்தில் முதன்முதல் இடம்பெற்ற எட்டு ஆறுகளுள் ரோக்கும் ஒன்று. அதன் கீழ்ப்பகுதி தேசிய வனத்தினூடே செல்கிறது. மனிதக் கைபடாததாகப் போற்றப்படும் 34 மைல் நீளத்தில், மே 15 முதல் அக்டோபர் 15 வரை நாளொன்றுக்கு 120 பேர் மட்டுமே படகில் இறங்கலாம். தம் படகில் தாமே செல்ல விரும்புவோர் குலுக்கலில் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பெயர் விழுந்தவர் மணற்கரைகளில் கூடாரமடித்து மூன்று நான்கு இரவுகள் தங்குவர். அதைத் தம் வாழ்வின் பேறாகக் கருதுவோர் பலர்.

அதே ஆற்றின் மேற்பகுதியில் கிராண்ட்ஸ் பாஸ் என்னும் சிறு நகரம் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 38,000. அவர்களுள் ஏதேனும் ஒரு நாளில் வீடின்றி இருப்போர் 600 பேர் அளவில் என்று நீதிமன்ற ஏடுகள் கூறுகின்றன. ஆற்றோரப் பூங்காக்களில் போர்வையோ தலையணையோ அட்டைப்பெட்டியோ விரித்து உறங்குவதை அந்நகரின் விதிகள் தடைசெய்தன. முதல் அபராதம் 295 டாலர். கட்டத் தவறினால் அது 537 டாலர் 60 சென்டாக உயரும். மேலும் மேலும் மீறினால் பூங்காவுக்குள் நுழையத் தடை. தடையையும் மீறினால் சிறை. போர்வை வாங்கவே வழியற்றவன் 295 டாலரை எங்கிருந்து கொணர்வான்? புகலிடத்தில் இடமில்லாதபோது வெளியே உறங்குவோரைத் தண்டிப்பது கொடுந்தண்டனை என்று மேற்கு மாநிலங்களுக்கான மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் பாய்ஸி நகர வழக்கில் தீர்த்திருந்தது. கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் 2024 ஜூன் 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அக்கருத்தைத் தள்ளி, நகரின் பக்கம் தீர்ப்பளித்தது.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கோர்சச் ஓரிடத்தில் கூறும் வாதம் நம்மை நெடுநேரம் நிறுத்தியது. அவ்விதி வீடற்றவரை மட்டும் குறிவைக்கவில்லை. விடுமுறையில் முதுகுப்பை சுமந்து வரும் பயணிக்கும், விடுதியறையை விட்டு நகர மன்றப் புல்தரையில் கூடாரமடித்துப் போராடும் மாணவருக்கும் அது ஒன்றே என்கிறார் அவர். சட்ட நூலறிவு நமக்கு இல்லை. ஆயினும் இதற்கு மறுமொழி கூறச் சட்டம் படித்திருக்கத் தேவையுமில்லை. முதுகுப்பைப் பயணி அபராதச் சீட்டைப் பெற்றுக்கொண்டு வீட்டுக்குப் போவான். மாணவன் விடுதிக்குப் போவான். மூன்றாமவன் போகுமிடம் எது? செல்வனுக்கும் ஏழைக்கும் ஒன்றேயான விதி என்று பெருமை பேசுவது, ஊணுண்டவனையும் பட்டினி கிடப்பவனையும் ஒருங்கே அழைத்து இருவரும் உபவாசம் இருங்கள் என்று சொல்வதை ஒத்தது.

போகுமிடம் காடுதான். நகரம் துரத்தினால் மனிதர் காட்டோரம் ஒதுங்குவர். அங்கே 14 நாள் கணக்கு. 2025இல் அதே மாநிலத்தில் பெண்ட் நகரின் தெற்கே, டெஷூட்ஸ் தேசிய வனத்தின் பெரும்பகுதி ஒன்று மூடப்பட்டது. மரங்களைக் களைந்தும் புதரை எரித்தும் காட்டுத்தீ அபாயத்தைக் குறைக்கும் பணிக்காக என்றனர். அப்பணி தேவையானதே, காய்ந்த காட்டில் தீ மூளுவது கற்பனையன்று. ஆனால் அங்கே வண்டிகளிலும் கூடாரங்களிலும் நெடுநாள் வாழ்ந்திருந்தோர், நகரில் வேலைக்குச் சென்று திரும்புவோர் உட்பட, வெளியேற வேண்டியதாயிற்று. அவர்களுக்கென மாற்றிடம் ஆயத்தமாயிருக்கவில்லை. மூடப்பட்ட நாள் மே முதல் நாள். திருச்சபையின் நாட்காட்டியில் அது தொழிலாளரான புனித யோசேப்பின் விழா. திருக்குடும்பத்தை நினைவுகூர்ந்த நம் பொறியாளருக்கு இத்தேதியையும் நினைவுபடுத்துகிறோம்.

இன்னுமொன்று. 'மனிதக் கைபடாத' என்ற அடைமொழியை மேலே எழுதினோம், அது பொய். 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம், வனாந்தரம் என்பது மனிதன் தங்கிவிடாமல் வந்துபோகும் விருந்தினனாக இருக்கும் இடம் என்று வரையறுக்கிறது. அழகான வரையறை. ஆனால் ரோக் ஆற்றங்கரையில் மனிதர் தங்கியிருந்தனர். டக்கெல்மா மக்களும், கடலை நோக்கிக் கீழே டுட்டுட்னி முதலிய பிற மக்களும் அங்கே சால்மன் மீன் பிடித்து, கருவாலிக் கொட்டை சேர்த்து, காலங்காலமாய் வாழ்ந்தனர். தங்கம் தேடி வந்தோரின் பின்னே 1855இல் போர் மூண்டது. 1856இல், கடுங்குளிரில் ஒரு பகுதியினர் வடக்கே கிராண்ட் ரோண்டுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். மே இறுதியில் பிக் பெண்ட் என்னுமிடத்தில் நடந்த கடைசிச் சண்டைக்குப் பின் எஞ்சியோரும் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பலர் போர்ட் ஆர்ஃபோர்டிலிருந்து நீராவிக் கப்பலில் ஏற்றப்பட்டனர். பின்னரே அக்கரை வெறுங்கரையாயிற்று. சண்டை நடந்த இடத்துக்கு அண்மையில் இன்று இல்லாஹி என்ற பெயரில் வனத்துறையின் முகாம் ஒன்று உள்ளது. அப்பகுதிப் பழங்குடியினரும் வணிகரும் கலந்து பேசிய சினூக் கலப்புமொழியில் அச்சொல்லுக்கு மண், நாடு என்று பொருள். நம் செவிக்கோ அது இல்லம் என்றும் இல்லை என்றும் ஒருங்கே ஒலிக்கிறது. டக்கெல்மா மூதாட்டி ஆக்னஸ் பேக்கர் பில்கிரிம் 1994இல் சால்மன் மீனுக்கு நன்றி கூறும் சடங்கைத் தம் முன்னோரின் ஆற்றுக்கு மீட்டுக் கொணர்ந்தார். அவர் 2019இல் மறைந்தார்.

ஆதலின் 'ஆதிமனிதர் முறை' என்று சொல்லிக்கொண்டு அங்கே கூடாரம் அடிக்கும்போது, ஆதியில் இருந்தோரை அனுப்பிவிட்டு அவர்தம் பெயரில் விளையாடுகிறோம் என்ற நாணமாவது நமக்கு வேண்டும்.

நம்மோடு மாறுபடுவோர் சொல்லப்போவதை அறிவோம். வீடற்றோர் குப்பை போடுகின்றனர், போதை ஊசிகளை எறிகின்றனர், தீ மூட்டுகின்றனர், ஆற்றைக் கெடுக்கின்றனர். உண்மைதான், பல இடங்களில் அவ்வாறு நடந்துள்ளது, நடக்கிறது. தன்னார்வலர்கள் வண்டி வண்டியாகக் குப்பை அள்ளியிருக்கின்றனர். ஆனால் நம் வீட்டுக் கழிவு நம் கண்ணுக்கு மறைவாகக் குழாயில் போகிறது. அவர்களுடையது எல்லார் கண்ணிலும் படுகிறது. இதற்கு மேலும் வேற்றுமை இருக்கலாம்; இதுவும் ஒரு வேற்றுமை என்பதை மறக்கலாகாது. எட்டங்குலக் குழி நான்கு நாளைக்குப் புதுமை. நானூறு நாளைக்கு, முழங்கால் வலியோடு, மழையில் அதைத் தோண்டிப் பார்ப்போமாக. குப்பைக்கு மருந்து குப்பைத்தொட்டியும் கழிப்பறையும். 295 டாலர் சீட்டு அன்று.

அவர்கள் தாமே தேர்ந்துகொண்ட வாழ்வு அது என்பாரும் உளர். தேர்ந்துகொண்ட ஏழ்மையைத் திருச்சபை அறியும். அசிசியின் பிரான்சிஸ் தேர்ந்தார்; தேர்ந்தபின் தொழுநோயாளரிடம் போய் வாழ்ந்தார், திங்கட்கிழமை அலுவலகத்துக்குத் திரும்பவில்லை. (மறைமாவட்டக் குருவாகிய நாம் ஏழ்மை வார்த்தைப்பாடு எடுத்தவர் அல்லர் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம், வாசகர் சொல்வதற்குமுன் நாமே சொல்வது நல்லது.) தேர்ந்த ஏழ்மைக்கும் திணிக்கப்பட்ட ஏழ்மைக்கும் இடையே உறவு உண்டானால் முன்னது புனிதமாகிறது. உறவில்லையேல் அது வெறும் உலா.

விவிலியம் கூடாரத்தை நன்கறியும். இஸ்ரயேலர் ஆண்டுதோறும் வீட்டை விட்டுக் குடில்களில் ஏழு நாள் தங்க வேண்டும் என்று லேவியர் நூல் விதிக்கிறது. எகிப்தினின்று வந்த வழியில் அவர்கள் வீடற்றிருந்ததை மறவாதிருக்கவே அந்த விழா. நம் பொறியாளரின் நான்கு நாளுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி இல்லை. ஆனால் இணைச்சட்ட நூலின் பதினாறாம் அதிகாரத்தை அவர் எடுத்துப் பார்க்கட்டும். அவ்விழாவில் மகிழ வேண்டியோர் யார் யார் என்ற பட்டியல் அங்கே இருக்கிறது: பிள்ளைகளோடும் பணியாளரோடும், நிலமற்ற லேவியன், அந்நியன், அநாதை, கைம்பெண். குடில் விழா, வீடுள்ளோர் வீடற்றோரைக் காட்டிவிட்டு அனுப்பிய விழா அன்று. வீடுள்ளோர் வெளியே வந்து வீடற்றோருடன் உண்ட விழா.

யோவான் தம் நற்செய்தியின் தொடக்கத்தில் வாக்கு மனிதரானதைச் சொல்லுமிடத்தில் பயன்படுத்தும் கிரேக்க வினை, கூடாரமடித்தல் என்ற பொருளது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் 'குடிகொண்டார்' என்றனர். குருமடத்தில் பயின்ற நாளில், கூடாரம் மறைந்துவிட்டதே என்று இதைக் குறையாகக் கருதியதுண்டு. இப்போது அவ்வாறு கருதவில்லை. தங்கல் வேறு, குடியிருப்பு வேறு என்று பிரிப்பது வனத்துறையின் சட்டம். கடவுள் அடித்த கூடாரமோ குடியிருப்பே. அவர் 14 நாள் கழித்துத் தம் வீட்டுக்குத் திரும்ப வரவில்லை. நரிக்கும் பறவைக்கும் உள்ளது தமக்கில்லை என்று அவர் சொன்னதும் உவமையன்று, முகவரி. இன்று அவ்வனங்களில் நரிக்கு வளை உண்டு. பறவைக்கும் சால்மன் மீனுக்கும் சட்டத்தின் காவல் உண்டு. அது சரியே, இருக்கட்டும். மனிதமகனுக்கு மட்டும் நாள் கணக்கு.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட திருமடலில், அழகிய இடங்கள் சிலருக்கு மட்டுமே எட்டும் தனியிடங்களாகி, ஏழைகள் கண்ணுக்குப் படாதவாறு ஒதுக்கப்படுவதைக் கண்டிக்கிறார். படைப்பைக் காத்தலையும் ஏழையைக் காத்தலையும் இரண்டு பணிகளாக அவர் காணவில்லை. நம்மில் பலர் அம்மடலின் மரக்கன்று நடும் பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

திருச்சபை என்றோம்; நம் கதவையும் பார்க்க வேண்டும். கிராண்ட்ஸ் பாஸ் வழக்கின் ஏடுகளில் அந்நகரின் பெரிய புகலிடமாகக் குறிக்கப்படுவது கிறித்தவ அறப்பணி இல்லம் ஒன்று. அங்கே தங்க விரும்புவோர் புகைபிடித்தலை விட வேண்டும், வழிபாட்டில் கலந்துகொள்ளவும் வேண்டும் என்பன போன்ற விதிகள் இருந்தன. நல்லெண்ணத்தில் வகுத்த விதிகள்தாம். ஆனால் செபத்துக்கு வராதவன் பனியில் கிடக்கட்டும் என்று ஆண்டவர் எப்போது சொன்னார்? பின்னர், 2025 ஆகஸ்டில், மாற்றுத்திறனாளிகள் உரிமை வழக்கொன்றின் உடன்பாட்டின்படி, குறைந்தது 150 பேர் கூடாரமடிக்க இடம் தர அந்நகரம் இசைந்தது. நீதிமன்றப் படியேறியவர்கள் பெற்றுத் தந்ததை ஆலயங்கள் ஒன்றுகூடி முன்பே தந்திருக்கலாம்.

விறகு கொடுத்த அம்மையாரைப் பற்றி ஒன்றைச் சொல்லாமல் விட்டோம். பங்குத்தந்தை விடுப்பில் சென்றபோது வளாகத்தின் சாவிக்கொத்தை நம்மிடம் ஒப்படைத்திருந்தார். அந்த ஆறு வாரமும் அது நம் சட்டைப்பையிலேயே இருந்தது; காட்டிலும் இருந்தது. ஆலயத்தின் கீழ்த்தளத்தில் சமையலறையும் வெந்நீர்க் குளியலறையும் கொண்ட மன்றம் ஒன்று, வாரத்தில் ஐந்து நாள் பூட்டியே கிடந்தது. வெளியே நாற்பது வண்டிகள் நிற்கக்கூடிய நிறுத்துமிடம். பேரங்காடியின் வாகன நிறுத்துமிடம் என்று அவர் சொன்னபோது அந்தச் சாவி நம் நினைவுக்கு வராமலில்லை, வந்தது. விருந்தினராய் வந்த இடத்தில் கேளாமல் எப்படி என்றும், நாய் வேறு இருக்கிறதே என்றும், பங்குப் பேரவை என்ன சொல்லுமோ என்றும் எண்ணினோம். ஆசீர் அளித்தோம். அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

வாகனங்களில் உறங்குவோருக்குத் தம் வளாகத்தை இரவில் திறந்துவிடும் ஆலயங்கள் அந்த மேற்குக் கரை மாநிலங்களில் உண்டு. ஆகவே நம் பொறியாளர்க்கு எழுதிய மறுமொழியில், அவர் அனுப்பிய நிழற்படங்கள் அழகாயிருந்தன என்று சொல்லி, அவர்கள் பங்கு ஆலயத்தின் வாகன நிறுத்துமிடம் இரவில் பூட்டப்படுகிறதா, பூட்டப்படுமாயின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறோம். மறுமொழி இன்னும் வரவில்லை. கோடையில் மீண்டும் அதே ஆற்றங்கரைக்குப் போவதாகத் தம் தாயாரிடம் தொலைபேசியில் சொன்னாராம்.